நிறைவுச் சேவைகள்

"நாங்க வாயே திறக்க மாட்டோம் ஐயா. எங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாது. நீங்களாவேதான் கண்டுபிடிக்கணும்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கீழ இருக்கறவங்க இந்த ரூமுக்குப் போகச் சொன்னாங்க..." என்று இழுத்தார்.

"தெரியும் ஐயா. உங்களுக்காகத்தான் காத்திருந்தோம்." அவள் கையிலிருந்த தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். "இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர் இறந்துட்டாங்க. உடலை எங்க வாங்கணும், யாரைப் பாக்கணும்? எங்க வெப்சைட்டுல தேடிப் பாருங்க."

"சரிம்மா" என்று பெரியவர் மவுஸைப் பிடித்தார்.

அவள் அந்த மருத்துவமனையின் இணையதளத்தைத் திருத்தி அமைக்க வந்தவள். அறையின் சுவர் முழுக்கக் காகிதச் சீட்டுகள். எந்தப் பக்கம் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதற்கான வரைபடம் அது. எல்லாச் சீட்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது. 'இறந்தவர் உடலைப் பெற' என்ற ஒரே ஒரு சீட்டுக்குத்தான் இழுபறி. அவள் அதை முகப்பில் ஒட்டுவாள். நிர்வாகி வந்து பிய்த்து, பழையபடி கடைசி மூலையில் ஒட்டிவிட்டுப் போவார்.

"வாசல்லயே சாவைப் பத்திப் பேசினா எவன்மா உள்ள வருவான்?" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். அவள் கரடியாய்க் கத்தியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் ஓர் உடன்பாடு. தளத்தை முன்பின் பார்த்திராத ஒருவரை உட்காரவைத்துத் தேடச் சொல்வது. அவர் கண்டுபிடித்துவிட்டால் சீட்டு மூலையிலேயே இருக்கட்டும். முடியாவிட்டால் முகப்புக்கு வரும்.

இந்த மாதிரிச் சோதனையில் கூட இருப்பவர் விரல் நீட்டினாலும் எல்லாம் பாழ். வீட்டில் தனியாகத் தேடுகிறவருக்கு யார் விரல் நீட்டப் போகிறார்கள்? அதனால் அவளும் நிர்வாகியும் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் 'நோயாளிகளுக்கு' என்பதை அழுத்தினார். அறை வாடகை, பார்வை நேரம், கேன்டீன். திரும்பி வந்தார். 'சேவைகள்' என்பதை அழுத்தினார். இதயம், எலும்பு, பல். மறுபடி திரும்பி வந்தார்.

"எங்க இருக்குன்னு எனக்கே மறந்துபோச்சு" என்று நிர்வாகி கிசுகிசுத்தார்.

"எங்களைப் பற்றி, அதுக்குள்ள நிர்வாகம், அதுக்குள்ள பிற, அதுக்குள்ள நிறைவுச் சேவைகள்" என்று அவளும் அவர் காதருகே கிசுகிசுத்தாள்.

"பேரு கௌரவமாத்தானே இருக்கு?"

"அது என்னன்னு நமக்கு மட்டும்தானே சார் தெரியும்?"

பெரியவர் தேடல் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தடவி 'இறந்தவர்' என்று அடித்தார். 'நீங்கள் தேடியது இல்லை. எழுத்துப்பிழை உள்ளதா எனப் பார்க்கவும்' என்று வந்தது. அவர் பாவம், தான் அடித்ததை எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்தார். பிறகு 'உடல்' என்று அடித்தார். முழு உடல் பரிசோதனை, குடும்பத்தோடு வந்தால் சலுகை என்று வந்தது. 'மகள்' என்று அடித்தார். மகளிர் நலம், மகப்பேறு, பிறந்த குழந்தைகளின் புகைப்படங்கள். அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம ஒருத்தர்னுதானே சொன்னோம்? இவரா மகள்னு எடுத்துக்கிட்டாரே" என்றார் நிர்வாகி.

"ஒன்றிப்போய்த் தேடுறார் சார். இப்படி ஓர் ஆள் கிடைக்கிறது அபூர்வம்."

அவளுக்குப் பெரியவர்மேல் இரக்கம்தான். ஆனால் அவர் தடுமாறத் தடுமாற அவளுக்குத் தெம்பு வந்தது என்பதும் உண்மை. இன்னும் கொஞ்சம் தடுமாறினால் போதும், நிர்வாகி இறங்கி வந்துவிடுவார்.

பெரியவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அம்மா, உங்களுக்குத் தெரியும்ல? ஒரே ஒரு தடவை சொல்லிடுங்களேன்."

அவள் உதட்டில் விரலை வைத்தாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா. சொல்லக் கூடாதுங்கறதுதான் இங்க விதி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்து உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கண் மருத்துவம், காப்பீடு, வேலைவாய்ப்பு எல்லாவற்றுக்கும் போய்வந்தார். மறுபடி முதல் பக்கத்துக்கே வந்து நின்றார்.

நிர்வாகியால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. சுவருக்குப் போய், மூலையிலிருந்த சீட்டைத் தன் கையாலேயே பிய்த்தார். முகப்பு என்று எழுதியிருந்த இடத்தில் அழுத்தி ஒட்டினார்.

"நீங்க சொன்னதுதான்மா சரி. நிஜமாவே பறிகொடுத்துட்டு வர்றவன் இதுல என்ன பாடுபடுவான்! நான் யோசிக்கவே இல்ல."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை நாள் சண்டைக்குப் பலன் கிடைத்துவிட்டது. பெரியவருக்கு நன்றி சொல்லி அனுப்பலாம் என்று நகர்ந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள்.

"ரொம்ப மன்னிக்கணும், வழியில பஸ் நின்னுடுச்சு. வெப்சைட்டுல ஏதோ தேடிப் பாக்கணும்னு என்னை வரச் சொல்லியிருந்தீங்களே?"

அவளும் நிர்வாகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பெரியவர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்து கைகூப்பினார். "என்னால முடியலம்மா. இதைக் கண்டுபிடிச்சாத்தான் எம் பொண்ணைத் தருவீங்களா?"