இரண்டு கிழங்கு

"கிழங்கைக் கீழே போடு, முத்தாயி!"

தங்கராஜு வாத்தியார் போட்ட சத்தத்தில், மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். மடியில் இரண்டு கிழங்கு.

"ஐயா, சத்தம் போடாதீங்க. ரெண்டே ரெண்டுதான்லா..."

"ரெண்டா இருந்தா என்ன, இருபதா இருந்தா என்ன? போன ஞாயித்துக்கிழமைதானே தொண்டை கிழியச் சொன்னேன், அடுத்தவன் பொருளைத் தொடக்கூடாதுன்னு? முன்னால உக்காந்து தலையை ஆட்டினியே!"

அவள் முந்தானையை இழுத்து மடியை மூடினாள்.

வாத்தியாருக்கு எரிச்சல் பொங்கியது. ஜப்பான்காரன் வந்து பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து, ரந்தாவ் ஊர்ப் பக்கத்து இந்த ரப்பர் தோட்டத்தில் ஞாயிறு தவறாமல், வரிசை வீடுகளான லயத்து ஜனங்களை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் உட்காரவைத்து நீதி நூல் வாசிக்கிறார். பொருளும் சொல்கிறார். என்ன பிரயோசனம்? பொறுமையைப் பற்றி வாசித்தால், அன்று சாயங்காலமே அர்ச்சுனன் பெண்டாட்டியை அடிக்கிறான். இப்போது இவள்!

"ரப்பர் மரத்துக்கு வாசிச்சிருந்தாக்கூட இந்நேரம் திருந்தியிருக்கும்" என்று முனகினார்.

அந்தக் கிழங்குக் காடு ஜப்பான் பட்டாளத்துக்கு உரியது. களவு போனது தெரிந்தால் லயத்துக்கே உதை விழும். யாருக்கும் வளையாத மனுஷர் என்றுதான், கால் வீங்கி நடக்கச் சிரமப்படும் வாத்தியாரைக் காவலுக்கு வைத்திருந்தார், தோட்ட வேலையை மேற்பார்க்கும் சந்தியாகு மண்டோர்.

"இன்னிக்கு மட்டும் விட்டுடுங்கய்யா. எம் புருஷனையும் சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல நானும் மாமனாரும்தான்."

"அதென்ன இன்னிக்கு மட்டும்? இன்னிக்கு என்ன விசேஷம்?"

முத்தாயி வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்கய்யா."

"பார்த்தியா? சொல்றதுக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கல!"

நொண்டிக்கொண்டே அவளை இழுத்துப் போய் மண்டோர் முன்னால் நிறுத்தினார். மண்டோருக்கே சங்கடமாகிவிட்டது.

"போகட்டும் வாத்தியாரே. பாவம், பொம்பளை..."

"நீங்களே இப்படிப் பேசினா இந்த ஜனங்க எப்போ உருப்படும்?"

விஷயம் ஜப்பான்காரன் காதுக்குப் போனால் அவள் உயிருக்கே ஆபத்து. மண்டோர் பெருமூச்சு விட்டார். கிழங்கைப் பட்டாளத்து லாரியில் போடச் சொன்னார். அவளைப் பெரட்டுக் களத்து வெயிலில் முட்டி போடச் சொன்னார்.

முத்தாயி போய் முட்டி போட்டாள்.

வாத்தியார் தன் அறைக்குத் திரும்பினார். மணி ஒன்றானது. இரண்டும் ஆனது. சாப்பாடு வரவில்லை. வயிறு காந்தியது.

அவர் ஒண்டிக்கட்டை. அந்த வீங்கிய காலோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கவும் முடியாது. லயத்து வீடுகள்தான் முறை வைத்து, நாளுக்கு ஒரு வீடாக அவருக்குச் சோறு போட்டன. அரிசி போய்க் கிழங்கு வந்த பிறகும் நிறுத்தவில்லை. எந்த நாள் யார் வீட்டு முறை என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. நேரத்துக்கு வந்துவிடும், சாப்பிடுவார்.

"நேரம் காலம் ஏதாவது உண்டா இதுங்களுக்கு? எத்தனை சொன்னாலும் ஒழுங்கு வராது!"

மூன்று மணிக்கு வாசலில் நிழலாடியது. முத்தாயி. முட்டியில் சரளைக்கல் குத்திய ரத்தம் இன்னும் காயவில்லை. கையில் ஒரு மங்குக் கிண்ணம், அதில் ஆவி பறக்க அவித்த மரவள்ளி.

"நேரமாயிடுச்சு, மன்னிச்சுக்குங்கய்யா. இன்னிக்கு எங்க வீட்டு முறை."

வாத்தியார் கிண்ணத்தைப் பார்த்தார். அவள் முட்டியைப் பார்த்தார். கை நீளவில்லை.

"தயங்காம சாப்பிடுங்கய்யா" என்றாள் முத்தாயி. "இது திருட்டுக் கிழங்கு இல்லீங்க. நாங்க ரெண்டு பேரும் சாப்பிட வச்சிருந்தது."