கல்லறை ஓரத்துப் பூ

"பம்பைக் கீழே வை வெண்டல்! ஒரு சொட்டு மருந்து என் செடி மேல பட்டாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன்!"

கல்லறைத் தோட்டத்து வேலியோரம் மார்வா வழிமறித்து நின்றாள். முதுகில் மருந்து டாங்க்குடன் வெண்டல் விழித்தான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அந்த மாவட்டத்துக்கே களை ஒழிப்பு அதிகாரி அவன். ஆனாலும் பள்ளிக்கூட நாளெல்லாம் மார்வா ஓட்டிய பஸ்ஸில் போனவன். அந்தக் குரல் கேட்டால் இன்னும் அவனுக்கு உதறல்தான்.

"நான் என்ன பண்ணுவேன் மார்வாம்மா? நேத்து யாரோ பேர் சொல்லாம ஆபீசுக்கு போன் பண்ணியிருக்காங்க. இங்கே சீனக் களை மண்டிக் கிடக்காம். அது பரவினா ஊர்ல ஒரு மாடு மேயப் புல் மிஞ்சாது. புகார் வந்தா உடனே அடிச்சாகணும்."

"தாராளமா அடி. முதல்ல குனிஞ்சு பாரு. திங்கட்கிழமை ரோட்டை அகலப்படுத்தறேன்னு இங்கே தோண்டப் போறாங்க. அதுக்குள்ள ஒரு அதிகாரி வாயால இது என்ன செடின்னு வரணும். இல்லேன்னா இது போச்சு."

வெண்டல் வேண்டாவெறுப்பாக மண்டியிட்டான். மும்மூன்றாக இலை, பட்டாணிப் பூவைப் போலக் குட்டிக் குட்டிப் பூ. அவரைக் குடும்பம், சந்தேகமில்லை. சீனக் களையும் அதே குடும்பம்தான்.

"பூ எங்கே இருக்கு, சொல்லு!" மார்வா விடவில்லை.

"களைன்னா இலை இடுக்குல ஒட்டிக்கிட்டுப் பூக்கும். இது..." அவன் இன்னும் கிட்டத்தில் குனிந்து பார்த்தான். "இது உச்சியில தனியாக் கதிர் விட்டிருக்கு. இலையெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்குது. மார்வாம்மா, இது நம்ம புல்வெளிப் பூ! கலப்பை படாத மண்ல மட்டும் வர்றது! நான் படத்துலதான் பார்த்திருக்கேன்!"

அங்கேயே நின்று சாலைத் துறைக்கு போன் போட்டான்.

"திங்கட்கிழமை வேலையை நிறுத்துங்க. அரசாங்கப் பாதுகாப்புல இருக்கிற செடி. ஆமா, நானே கண்ணால பார்த்தேன்!"

மார்வா தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினாள். அறுபது வயதில் அவள் போட்ட ஆட்டத்தைப் பார்த்து வெண்டலும் வாய்விட்டுச் சிரித்தான். அப்புறம்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

"இதைப் போய்க் களைன்னு சொன்ன முட்டாள் மட்டும் கையில கிடைக்கட்டும்!"

"திட்டாதடா. அபூர்வப் பூ, வந்து பாருங்கன்னு ரெண்டு வருஷமா எல்லா ஆபீசுக்கும் போன் பண்ணினேன், ஒரு நாய் எட்டிப் பார்க்கல. நேத்து களைன்னு சொன்னேன், விடிஞ்சதும் வந்து நிக்கிறே!"