ஒரு வாய் காபி

சிலிண்டரை இறக்கி வைத்ததும் போயிருக்க வேண்டும்.

அவர் போகவில்லை. வாசலில் நின்று தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்திலேயே மூடுபனி இறங்கிவிட்டது. பக்கத்து வீடுகள் தெரியவில்லை. எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள். காய்ச்சல் என்று தபித்தாள் மட்டும் வீட்டில் இருந்தாள். அவள் கணவன் ஆமோஸுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான்.

"கேஸ் லாரி கீழ ரோட்டோட போயிரும். கொஞ்சம் தூக்கிக் குடுங்கய்யா" என்று காலையில் கேட்டிருந்தாள்.

அவர் எஸ்டேட் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியார். யார் கேட்டாலும் செய்கிறவர். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் கண்ணாடி பார்த்துத் தலை வாரியிருந்தார்.

சிலிண்டர் தூக்கப் போகிறவனுக்கு எதற்குச் சீப்பு?

அந்தக் கேள்வி இப்போதுதான் வந்தது. மேடு முழுக்க ஏறி முடித்த பிறகு.

மனைவி இறந்த பின் அவரை எல்லோரும் ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். பிள்ளை பிறந்தால், சீக்கு வந்தால், சாவு விழுந்தால். சாப்பிட்டீங்களா என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

அவ்வளவுதான் கேட்டாள். அதை அவர் எத்தனையோ இரவுகள் படுக்கையில் வைத்துக்கொண்டு புரண்டிருக்கிறார்.

"உள்ள வாங்கய்யா. ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க."

அடுப்பு பற்றும் சத்தம். பிறகு அவளே கதவருகே வந்து நின்றாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. பார்வையைத் தாழ்த்தவில்லை.

அவருடைய வலது கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார். யாருடைய காலோ போல.

இந்தச் சோதனையைப் பற்றி எவ்வளவு பிரசங்கம் செய்திருக்கிறார். அதில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இயேசுவே என்றுகூட வாயில் வரவில்லை.

உண்மை மட்டும் வந்தது.

"வேணாம் தபித்தா. உள்ள வந்தா நான் காபியோட நிக்க மாட்டேன்."

 அவள் கத்தலாம். சிரிக்கலாம். நாளைக்கே சபையில் சொல்லலாம்.

உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்யா" என்றாள்.

கதவைப் பிடித்தபடி, "தெரிஞ்சுதான் கூப்பிட்டேன்."

கதவை மெல்லச் சாத்தினாள்.

அவர் இறங்கி வந்தார். வீட்டில் காலையில் வடித்த சோறு இருந்தது. சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல் எழுந்தார். ஜெயித்தவனுக்கு வரவேண்டிய சந்தோஷம் எதுவும் வரவில்லை. ஒற்றை அறைதான். அன்றைக்கு அது ரொம்பப் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு.

கர்த்தருடைய ஜெபத்தை அவர் வரிவரியாகச் சொல்ல, சபை பின்னால் சொல்லும். அதுதான் வழக்கம்.

'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற வரி வரும் இடத்தில் அவர் குரல் நின்றுவிட்டது.

தலைகள் குனிந்தபடி காத்திருந்தன. யாரோ இருமினார்கள். 

பெண்கள் பக்கத்திலிருந்து தபித்தாளின் குரல் அந்த வரியை எடுத்தது. தனியாக. சத்தமாக.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் சொல்லச் சொல்ல, சபையோடு சேர்ந்து அவரும் பின்னால் சொன்னார்.