ஆழ்மனசைக் கேளுங்க

“அந்த ஊர் உங்களுக்கு எதோட குறியீடு?” என்று கேட்டார் வழிகாட்டி, கண்களைப் பாதி மூடிக்கொண்டு.

“குறியீடெல்லாம் இல்லீங்க. ஊருதான். பஸ் போகுது” என்றாள் ஊசி.

நூலக மாடியில் வாராவாரம் நடக்கும் ‘உள்ளே ஒரு பயணம்’ வகுப்பு அது. உள்ளே நுழைந்தால் பெயர் கிடையாது, உறவு கிடையாது, யாருக்கு யார் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவும் கூடாது. ஆளுக்கொரு புனைபெயர்தான்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்தி ரத்தம் எடுப்பவள், தனக்கு ‘ஊசி’ என்றே வைத்துக்கொண்டாள். ஒரு வாக்கியத்தை முடிக்க அரைமணி எடுத்துக்கொள்ளும் தையற்கார அம்மாள் ‘மின்னல்’. நாற்காலி கிறீச்சிடாமல் உட்காரவே முடியாத ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ‘மேகம்’.

ஊசிக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். தூரத்து ஊரில் பரிசோதனைக் கூடத்தின் புதுக் கிளை திறக்கிறார்கள், அவளையே பொறுப்பாளராகக் கூப்பிடுகிறார்கள். போனால் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடியும். இன்று சாயங்காலத்துக்குள் மேலாளரிடம் சொல்லாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீட்டில் கேட்டால், கணவர் புத்தகத்திலிருந்து முகத்தை நிமிர்த்துவதில்லை. “அப்புறம் பேசலாம்” என்பார். அந்த ‘அப்புறம்’ ஒரு மாதமாக வரவேயில்லை. சுவரிடம் சொல்லியிருந்தால் ஒரு பல்லியாவது உச்சுக்கொட்டியிருக்கும்.

வேறு வழி தெரியாமல்தான் இந்த வகுப்பில் வந்து சேர்ந்தாள். இங்கேயும் அதே கதை. முதல் வாரம் வாயைத் திறந்ததுமே “மூச்சைக் கவனிங்க” என்றார் வழிகாட்டி. போன வாரம் “ஒரு கனவுலேர்ந்து ஆரம்பிக்கலாமே” என்றார். அவளுக்கு ஏது கனவு? படுத்தால் விடிந்துவிடும், எழுந்தால் வேலை.

இன்றைக்கு என்னடாவென்றால், குறியீடாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எனக்குக் கனவும் வேணாம், குறியீடும் வேணாம். போகலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

வழிகாட்டி தொண்டையைச் செருமினார். குறிப்பைப் படிப்பதற்குக் கண்ணாடியைத் தேடினார். மேசைமேல் இல்லை, சட்டைப் பையிலும் இல்லை.

“பையில பின்பக்க ஜிப்புக்குள்ள பாருங்க” என்றாள் ஊசி எரிச்சலோடு. இருந்தது.

“அடேயப்பா, என்னா உள்ளுணர்வு!” என்று வாயைப் பிளந்தார் மேகம். “நாலு வகுப்புக்கே இந்தம்மாவுக்கு ஞானக்கண் தொறந்துடுச்சு!”

வழிகாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுத்தார். “இதெல்லாம் அவசரப்பட்டு முடிவு எடுக்கற விஷயம் இல்ல. வீட்டுல இருக்கறவரையும் கொஞ்சம் யோசிக்கணும். அவர் மனசுல என்ன இருக்கோ...”

“அதத்தான் ஒரு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்! வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்போல இருக்கு அவருக்கு!”

யாரும் எதிர்பாராத விதமாக மின்னல் அன்றைக்குப் பெயருக்கேற்றபடி வெட்டினார். “அதென்னங்க, எனக்கு மட்டும் வேற நியாயமா? என் வீட்டுக்காரர் கடை வேணாம்னு குறுக்க நின்னப்ப என்ன சொன்னீங்க? ‘அடுத்தவங்க தலையாட்டலுக்குக் காத்திருக்காதீங்க, ஆழ்மனசைக் கேளுங்க’ன்னு சொன்னது நீங்கதான? கடை தொறந்து நல்லாத்தான் போகுது.”

“எனக்கும் அதேதான் சொன்னார்” என்றார் மேகம். “இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் ப்ளேட்டை மாத்தறீங்க?”

வழிகாட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பு சொன்னதை விழுங்கவும் முடியவில்லை, இப்போது சொன்னதைத் துப்பவும் முடியவில்லை.

“சரி...” என்றார் கடைசியில். “உங்க ஆழ்மனசு என்ன சொல்லுது?”

“போன்னு சொல்லுது.”

“அப்படின்னா... போங்க.”

“சத்தமா சொல்லுங்க சார், எங்களுக்குக் கேக்கல” என்றார் மின்னல்.

“போங்க! தாராளமா போங்க!”

“எல்லாரும் கேட்டீங்கல்ல?” என்று வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள் ஊசி. உட்கார்ந்த இடத்திலேயே போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டாள். “வரேன் சார். திங்கக்கிழமையே சேந்துக்கறேன்.”

அறை முழுக்கக் கைதட்டல். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வழிகாட்டியும் பேருக்கு இரண்டு தட்டு தட்டினார்.

மேகத்துக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “எல்லாம் சரிம்மா. ஆனா பாவம், உங்க வீட்டுக்காரர். நீங்க கெளம்பிட்டா அவர் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு?”

ஊசி போனைப் பைக்குள் போட்டாள். நிதானமாக வழிகாட்டி பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, என்ன பண்ணுவீங்க?”