இரண்டாம் மூச்சில் ஒரு விக்கல்

அந்த விக்கல் தற்செயலாக வந்தது. பவளக்கொடி டப்பிங் தியேட்டரில், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்க்காக அழுதுகொண்டிருந்தாள். இரண்டாம் மூச்சில் தொண்டை விக்கிவிட்டது. இன்னொரு தடவை அழுகிறேன் என்றாள். இதுவே இருக்கட்டும் என்றார் இயக்குநர்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அடுத்து வந்த படங்களில் எல்லாத் தாய்மார்களும் அதே இடத்தில் விக்கினார்கள். அப்புறம் மனைவிகள், தங்கைகள். பிறகு அவள் அழுகையைக் கற்றுக்கொண்ட இயந்திரமே எல்லாப் படங்களுக்கும் அழுகையைப் போட்டுக்கொண்டது. பவளக்கொடியை யாரும் கூப்பிடவில்லை. சில வருடங்களில், தெருவில் விழுந்து முட்டி பெயர்ந்த குழந்தைகள்கூட விக்கிவிட்டுத்தான் அம்மாவைத் தேடின.

அவள் கணவன் தணிகைவேல் இறந்த அன்று, கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் அழுதார்கள். இரண்டு மூச்சு, ஒரு விக்கல். சொல்லிவைத்தாற்போல அத்தனை தொண்டையும் ஒரே நொடியில் அடைத்துத் திறந்தது.

பவளக்கொடி வாய் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து கரகரப்பாக ஓர் ஓலம் கிளம்பி, எங்கும் விக்காமல் நீண்டது.

கூடம் சட்டென்று அடங்கியது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"டப்பிங் பேசுறவ இல்ல? நடிக்கிறா பாரு," என்றாள் ஒருத்தி.

நாத்தனார் அவள் காதருகே குனிந்தாள். "அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க. ஒழுங்கா அழுங்க."

பவளக்கொடி மூச்சை இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள். விக்கினாள்.

நாத்தனார் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"இப்பத்தான் அண்ணி நெஜமா அழுவுறீங்க."