ஹூஸ்டனிலிருந்து இருபத்தாறு மணி நேரம்

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்குள் நுழைந்த எமில்டா, மேனேஜரின் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

“ஹூஸ்டன்ல இருந்து தூத்துக்குடிக்கு வர எவ்வளவு நேரம் சார் ஆகும்?”

“மூணு ஃபிளைட் ஏறணும்மா. மொத்தம் இருபத்தாறு மணி நேரம்.”

“இன்னைக்குப் பதினோராம் நாளு. எங்க வீட்டுக்காரர் கிளைட்டன் எங்க?”

“பேப்பர் எல்லாம் கிளியர் ஆகணும்மா. எங்க கையில ஒண்ணுமில்ல.”

எமில்டாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“கப்பல் நிக்கக்கூடாதுன்னு அவர அனுப்பும்போது ஒரே நாள்ல டிக்கெட் போட்டிய. இப்ப அவருக்குப் பதிலா மாப்பிள்ளையூரணி சுடலைக்கண்ணுவ மறுநாளே அனுப்பினிய. அவன் போய்ச் சேந்து, கப்பலும் கெளம்பிட்டு. அவனுக்கு மட்டும் பேப்பர் வேண்டாமா?”

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அவன் சீட்டுல உக்காந்து போனாம்மா. கிளைட்டன சவப்பெட்டியில வச்சுல்லா கொண்டுவரணும். அதுக்கு ரெண்டு நாட்டுலயும் அனுமதி வாங்கணும். பொறுமையா இருங்க.”

எமில்டா அழவில்லை. கணவன் வந்து சேரும்வரை நகரப்போவதில்லை என்று மேனேஜரின் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“உயிரோடதான சார் ஒங்கள நம்பி அனுப்பினேன்!”