நாலாவது ஆள்

"நாலு நாலு பேராச் சேருங்க. ஒருத்தருக்கு வாசிக்க வரலேன்னாலும் நாலு பேருக்கும் மார்க் குறையும்," என்றார் சிசோமோ டீச்சர்.

மாமரத்தடியில் இரண்டாம் வகுப்பு முழுவதும் கலைந்து, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தது. லிம்பானி மட்டும் தன் செங்கல்லிலேயே உட்கார்ந்திருந்தான்.

"லிம்பானி எங்களுக்கு வேணாம் டீச்சர். போன தடவை வாசிக்கும்போதே தூங்கியாச்சு. காலை நீட்டினா எங்களுக்கு இடமே இல்ல," என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள்.

யான்கோ என்ற சிறுமியின் கூட்டத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். லிம்பானி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னோடு பேசவே கூடாது என்று முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். விடியற்காலையில் தேயிலை பறித்துக் கறை படிந்த கையால் அவன் சிலேட்டைத் துடைத்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

யான்கோ கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்ககூட வாங்க, நான் சொல்லித் தரேன். ஆனா வீட்டுல மாதிரி இங்க அதட்டக் கூடாது." குரலை அவள் தாழ்த்தவில்லை. "மார்க் போனாப் போகட்டும், அப்பா."